எந்தப் பக்கம் நிற்பது? மும்பையில் நட்சத்திரங்களைப் படமெடுக்க வரும் புதியவர்களுக்கு

திரை நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து படமெடுக்கும் வேலைக்காக மும்பைக்கு வர விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்குவது என்பதுதான். அதைப் பிறகு சொல்கிறேன். பாப்பராசி என்று ஊர் சொல்லும் இந்த வேலையில் முதலில் கற்க வேண்டியது நிற்கும் இடம். எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம், சாலையிலா வளாகத்துக்குள்ளா, சக படக்காரர்களில் யாருக்கு முன்னால் யாருக்குப் பின்னால், சட்டம் போட்ட கோட்டுக்கு எந்தப் புறம். நல்ல படம் கிடைப்பதும், நாளைக்கும் அதே வாசலில் உங்களை நிற்க விடுவதும் இதைப் பொறுத்தவை.

சென்னையில் கற்றது இங்கே பாதிதான் உதவும்

சென்னையில் சினிமாப் புகைப்படப் பணி பெரும்பாலும் மக்கள் தொடர்பாளர்கள் வழியாக நடக்கிறது. இசை வெளியீடு, பத்திரிகையாளர் சந்திப்பு, பிரசாத் லேபில் சிறப்புக் காட்சி என்று அழைப்பு வரும். போவோம், மேடைக்கு முன்னால் நிற்போம், எடுப்போம். அந்த மரபு பழையது. தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று போற்றப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்பதற்கு முன் கையில் கேமராவோடு பத்திரிகைக்குப் படமெடுத்தவர். படம் எடுப்பவருக்கும் படத்தில் வருபவருக்கும் நடுவில் தெரிந்த மனிதர் ஒருவர் நிற்கும் முறை அவர் காலத்திலிருந்தே நம்மிடம் வேரூன்றிவிட்டது. திருமலையில் தரிசனம் முடித்து வெளியே வரும் நடிகரைக் கோயில் முன் படமெடுப்பதுதான் நம் பக்கத்தில் இந்த வேலைக்கு மிக நெருங்கிய ஒன்று.

மும்பையில் நிகழ்ச்சி இல்லாத நேரமே சரக்கு. ஜிம்மிலிருந்து வியர்வையோடு வெளியே வருவது, விமான நிலையத்தில் காரிலிருந்து இறங்குவது, இரவு விருந்து முடிந்து வண்டி ஏறுவது. செய்தித் தளங்களும் இன்ஸ்டாகிராம் பக்கங்களும் ஆடை நிறுவனங்களும் இதைத் தேடுகின்றன. மக்கள் தொடர்பாளர் இங்கும் உண்டு. ‘இன்று மாலை ஐந்தரைக்கு இன்ன உணவகம்’ என்று வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவார். ஆனால் அவர் அனுப்பாத நேரங்களையும் நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஊரை மனப்பாடம் செய்யுங்கள்

தங்குமிடம் மேற்கு ரயில் பாதையை ஒட்டி இருக்கட்டும். தாராவியிலோ சயானிலோ உறவினர் வீடு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்; மாஹிம் தாண்டினால் பாந்த்ரா. அந்தேரி, ஜோகேஷ்வரி பக்கம் அறை எடுத்தால் ஜூஹுவும் விமான நிலையமும் பக்கம். பைக் ஓட்டத் தெரியாதவருக்கு இந்த வேலை ஏறக்குறைய முடியாத காரியம். இந்தி பேசியே ஆக வேண்டும். காவலாளியிடமும் போலீஸ்காரரிடமும் நாலு வார்த்தை மராத்தி பேசினால் அவர்கள் முகமே மாறும்.

முதல் சில நாட்கள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றுங்கள். பாலி ஹில் தெருக்கள், கார்ட்டர் சாலை, ஷாருக் கான் வீடான மன்னத் இருக்கும் பாண்ட்ஸ்டாண்ட், அமிதாப் பச்சன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேரும் ஜூஹு, மெஹ்பூப் ஸ்டூடியோ, அந்தேரியில் யஷ் ராஜ் ஸ்டூடியோ, கோரேகாவ் ஃபிலிம் சிட்டி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாசல், எந்த வாசலில் கார் நுழைகிறது, எதில் வெளியேறுகிறது, மாலையில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எங்கே பைக்கை நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் சதுர்த்தி நாட்களில் லால்பாக், வருடம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் சித்தி விநாயகர் கோயில் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டி எண்கள். அனுபவசாலிகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நம்பர் பலகையைப் பார்த்துவிடுவார்கள். பாந்த்ரா, அந்தேரிப் பகுதி வண்டிகள் எம்.எச். 02 என்று தொடங்கும். தென் மும்பை 01, கிழக்குப் பகுதி 03, போரிவலி 47. ஆகவே கடைசி நான்கு எண்களை மனத்தில் ஏற்றினால் போதும். குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எக்காரணம் கொண்டும் வெளியாருக்குக் காட்டாதீர்கள். ஒருவருடைய வண்டி எண்ணும் அவர் வீடு திரும்பும் நேரமும் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யாரிடம் சேர்வது

தனியாளாக வந்து நிற்பவருக்குத் தகவல் வராது. யோகென் ஷா, வைரல் பயானி, மானவ் மங்லானி, வரிந்தர் சாவ்லா போன்றவர்களின் பெயர்களை இன்ஸ்டாகிராம் பார்க்கும் எல்லோரும் அறிவார்கள். இப்படிப்பட்ட குழுக்களும், பெயர் அவ்வளவாக வெளியே தெரியாத சிறு குழுக்களும் ஆட்களை எடுத்துக்கொள்கின்றன. ஊரெங்கும் ஒரே நேரத்தில் ஆட்கள் நின்றால்தான் நாளைக்குத் தேவையான படம் சேரும் என்பதால் கால் வலுவுள்ள புதியவருக்கு இடம் உண்டு. பட்டமோ அரசு அங்கீகார அட்டையோ கேட்கமாட்டார்கள். உங்கள் குழு தரும் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது காவலாளிக்கு நீங்கள் யார் என்று சொல்லும், அதற்குமேல் எந்த உரிமையையும் தராது.

வாசலில் ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் மதிப்பார்கள். முன்பே வந்தவர் முன்னால் நிற்பார். உயரமானவர் பின்னால் போவார். ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் லென்ஸுக்குக் குறுக்கே கை நீட்டக்கூடாது. கைபேசிக்காரர் கேமராக்காரர் முகத்துக்கு முன்னால் கைபேசியைத் தூக்கக்கூடாது. போட்டி நிறுவனத்து ஆளுக்கும் ‘இன்னார் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்’ என்று சொல்லுங்கள். நாளை மழையில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் உங்களுக்குச் சொல்வார். இந்த ஒத்துழைப்பு இல்லாமல் இங்கே ஒருவரும் பிழைத்ததாக நான் பார்க்கவில்லை.

கருவிகள்

பழைய கேமரா போதும். இரண்டாம் கையாக வாங்கிய முழு ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமரா உடல் ஒன்று, 24-70 மி.மீ. லென்ஸ், ஃபிளாஷ், நான்கு நான்காக மூன்று செட் மறுமின்னேற்ற பேட்டரி, நல்ல கைபேசி. 70-200 மி.மீ. லென்ஸைக் குழுவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையுறையும் சிலிக்கா ஜெல் பைகளும் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். மும்பை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் விற்கவும் முடியாது. இப்போது பாதிக்கு மேல் தேவை செங்குத்தாக எடுத்த வீடியோதான். கைபேசியை ஒருபோதும் படுக்கை வாக்கில் பிடிக்காதீர்கள்.

முதல் பயிற்சிக்களம்: விமான நிலையம்

புதியவரை வழக்கமாக இரண்டாம் முனையத்துக்குத்தான் அனுப்புவார்கள். தனி விமானத்தில் போகிறவர்கள் கலீனா பக்கத்து வாசலைப் பயன்படுத்துவார்கள். அங்கே காத்திருப்பு நீளம், கிடைப்பது குறைவு. முனையத்தில் உங்களுக்குக் கிடைப்பது காரிலிருந்து நுழைவாயில் வரையிலான சில அடிகள். அந்தச் சில அடிகளில் எடுக்க வேண்டியவை இரண்டு: தலை முதல் கால் வரை முழு உருவம், பிறகு முகம்.

முழு உருவத்தில் செருப்பு அறுபடக்கூடாது. படத்தை வாங்குகிறவருக்குப் பையும் காலணியும் சட்டையும்தான் செய்தி. கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, செங்குத்தாகப் பிடித்து, 50 மி.மீ. பக்கத்தில் வைத்தால் கால் நீளமாகவும் தலை பெரிதாகாமலும் வரும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போகாதீர்கள். அவர் நடக்கிறார், நீங்களும் பின்னோக்கி நடக்கிறீர்கள். பின்னோக்கி நடக்கும்போது சக படக்காரர் ஒருவர் உங்கள் இடுப்புப் பட்டையைப் பிடித்து வழி நடத்துவார். அவருக்கு நீங்கள் அடுத்த முறை அதைச் செய்ய வேண்டும். தள்ளுவண்டியில் இடறி விழுந்து மண்டை உடைபடுவது இங்கே அபூர்வமில்லை. மின்விளக்கு வெளிச்சத்தில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் கோடு விழும்; இயந்திர ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து வருகிறவரும் நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டும்போது அவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். முகம் கிடைக்கும் நேரம் அதுதான். அங்கே நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள், வாதம் வேண்டாம். கதவுக்கு உள்ளே உங்களுக்கு வேலையில்லை.

கூப்பிடும் முறையும் ஒரு கலை. பத்துப் பேர் கத்தும்போது அவர் யாரையும் பார்க்கமாட்டார். சற்றுத் தள்ளி நின்று, மரியாதையோடு, ஒரே ஒரு முறை பெயர் சொல்லி அழைப்பவர் பக்கம்தான் திரும்புவார். தெற்கிலிருந்து வரும் நடிகர்களிடம் ‘வணக்கம் சார்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் அவர் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கும்.

கார் கண்ணாடி வழியாக எடுப்பது

இதுதான் தொழிலின் கடினமான பாகம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம். வண்டி வைத்திருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் பின் இருக்கையில் இடப்பக்கம் உட்காருவார். ஆகவே வண்டி வெளியே வரும் திசையைக் கணக்கிட்டு, அதன் இடப்பக்கம் உங்கள் கையருகே வரும்படி நில்லுங்கள். 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும். கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் கண்ணாடி வழியாக முகம் தெரிகிறது. அதனால்தான் பலர் திரைச்சீலை போட்டுக்கொள்கிறார்கள். திரை போட்டிருந்தால் அது அவர் சொல்லும் பதில். இடுக்கு வழியாக லென்ஸை நுழைக்க முயலாதீர்கள்.

இரவில் குவியத்தைக் கேமராவிடம் விடாதீர்கள். அது கண்ணாடியில் தெரியும் தெருவிளக்கைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸ் 24 மி.மீ., துளை எஃப் 8, குவியத்தைக் கையால் 1.2 மீட்டரில் வைத்துப் பட்டையால் ஒட்டிவிடுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 80 செ.மீ. முதல் 2.4 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும். கண்ணாடிக்கு அருகே நின்றால் பின் இருக்கை முழுவதும் அதற்குள் அடங்கும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் 1/200, ஃபிளாஷை தானியங்கியில் விடாமல் எட்டில் ஒரு பங்கு ஆற்றலில் தொடங்கி, அன்றைய வண்டிகளைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். தானியங்கி ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து ஏமாறும்.

ஃபிளாஷைக் கேமரா தலையில் மாட்டி நேராக அடித்தால் வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும். கம்பி இணைப்பில் அதை இடக்கையில் பிடித்து, கண்ணாடிக்குச் சாய்வாக, லென்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு நெருங்கி இருக்க வேண்டும், ஆனால் வண்டியைத் தொடக்கூடாது. தொட்டால் கீறல், கீறலுக்குச் சண்டை. சரமாரியாக அழுத்தாதீர்கள், ஃபிளாஷ் மூச்சு வாங்கும், பின்னால் வரும் படங்கள் இருட்டாகப் போகும். ஒன்று எடுங்கள், ஒரு கணம் பொறுத்து இன்னொன்று.

வண்டி நின்றிருக்கும்போது மட்டும். நகரும் வண்டியின் முன் கண்ணாடியில் ஃபிளாஷ் அடித்தால் ஓட்டுநருக்குச் சில விநாடிகள் கண் தெரியாது, அவர் முன்னால் நிற்பது உங்கள் நண்பர்கள். வாசலில் கூட்டமாக நிற்கும்போது கால் பாதத்தின் மேல் டயர் ஏறும் விபத்து இப்படித்தான் நடக்கிறது.

துரத்தாதீர்கள்

வண்டி கிளம்பியதும் பைக்கை உதைத்துப் பின்னால் போக வேண்டும் என்று கை பரபரக்கும். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் சுரங்கப்பாதையில் இளவரசி டயானா இறந்ததை எல்லோரும் அறிவார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார். ஆனாலும் 2008-இல் லண்டன் விசாரணையில் நடுவர்கள், ஓட்டுநரோடு சேர்த்துப் பின்தொடர்ந்த வண்டிகளை ஓட்டியவர்களின் பெரும் கவனக்குறைவையும் மரணத்துக்குக் காரணமாகச் சொன்னார்கள். மும்பைச் சாலையில் நடைபாதைவாசிகளும் ஆட்டோக்களும் நடுவில் இருக்கிறார்கள். அவர் போகும் இடம் தெரிந்தால் வேறு வழியில் போய் அங்கே நில்லுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு அந்தப் படம் இல்லை.

நியூயார்க்கில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸை விடாமல் தொடர்ந்த படக்காரர் ரான் கலெல்லாவுக்கு நீதிமன்றம் விதித்த தூரம், மேல்முறையீட்டுக்குப் பிறகு 25 அடி. அவர் எடுத்த படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, உண்மைதான். நடிகர் மார்லன் பிராண்டோவின் குத்தில் 1973-இல் அவர் தாடை உடைந்ததும் உண்மை. நெருக்கத்தைத் தொழிலின் பெருமையாக நினைக்கும் இளைஞர்கள் இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சாலை உங்களுடையது, சன்னல் அவருடையது

பொதுச் சாலையில் நின்று, பொது இடத்தில் நடந்து வரும் ஒருவரைப் படமெடுக்கத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் கேமரா எங்கே நிற்கிறது என்பதோடு எதை நோக்குகிறது என்பதும் கணக்கில் வரும். 2023 பிப்ரவரியில் நடிகை ஆலியா பட் தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் கட்டட மாடியிலிருந்து படமெடுக்கப்பட்டார். அந்தப் படம் வெளியானதும் அவர் மும்பை போலீசின் பெயரைக் குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமிலேயே கண்டித்தார். திரையுலகம் முழுவதும் அவர் பக்கம் நின்றது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. வீட்டுச் சன்னல், பால்கனி, ஓட்டல் அறை, மருத்துவமனை வார்டு: எவ்வளவு நீளமான லென்ஸ் இருந்தாலும் இவை உங்களுக்கில்லை.

சட்டமும் அதையே சொல்கிறது. தனித்து விடப்படும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1994-இல் விரிவாக எடுத்துச் சொன்ன வழக்கு நம் ஊரிலிருந்து போனதுதான். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பெண்ணை அவருடைய அந்தரங்கத் தருணத்தில் படமெடுப்பதையும், 78-ஆம் பிரிவு விருப்பத்துக்கு மாறாகப் பெண்ணைத் தொடர்வதையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. நடிகைகளைப் பின்பக்கமாகவும், காரிலிருந்து கால் கீழே வைக்கும் நொடியிலும் வேண்டுமென்றே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பல நடிகைகள் இதை நேரடியாகக் கண்டித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தைக் கேட்கும் ஆசிரியரிடம் இல்லை என்று சொல்லத் தயங்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. 2016 டிசம்பரில் பிறந்த சைஃப் அலி கான் - கரீனா கபூர் மகன் தைமூரைச் சுற்றி ஒரு சந்தையே உருவானது. 2021-இல் விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் தங்கள் மகளைப் படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படக்காரர்கள் பெரும்பாலும் மதித்தார்கள். 2025 ஜனவரியில் பாந்த்ரா வீட்டுக்குள் நுழைந்த ஆள் சைஃபைக் கத்தியால் குத்திய பிறகு, அந்தக் குடும்பமும் பிள்ளைகளைப் படமெடுக்க வேண்டாம் என்றது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பள்ளி வாசலில் நிற்காதீர்கள். தாயோடு குழந்தை வந்தால் தாயை மட்டும் எடுங்கள், அல்லது அவர்கள் கடந்து போகும்வரை கேமராவை இறக்கிப் பிடியுங்கள். எல்லோரும் பார்க்கும்படி இறக்குங்கள். அந்தத் தாய் அதைக் கவனிப்பார்.

இறுதிச் சடங்குக்கும் அனுப்புவார்கள். சிவகாசிப் பக்கம் பிறந்த ஸ்ரீதேவியின் உடல் 2018 பிப்ரவரி 28 அன்று அந்தேரி லோகண்ட்வாலாவில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, கேமராவை வெளியே வைத்துவிட்டுப் பத்திரிகையாளர்களும் உள்ளே வந்து அஞ்சலி செலுத்தலாம் என்று குடும்பத்தினர் அறிவித்தார்கள். அதையே எல்லாச் சாவு வீட்டுக்கும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வந்துபோகிறவர்களை வெளியே நின்று, ஃபிளாஷ் இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எடுங்கள்.

அனுப்புவது

படம் எடுத்த சில நிமிடங்களில் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். கைபேசிக்கு மாற்றி, நாலைந்தைத் தேர்ந்து, பெயர், நாள், இடம் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் தேடும்போது படம் அகப்படாது. கூட வந்தவர் யார் என்று தெரியாவிட்டால் ‘உடன் ஒருவர்’ என்றே எழுதுங்கள். காதலர் என்று நீங்களாக எழுதினால் அவதூறு வழக்கில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். வீட்டு வாசல் எண், வண்டி எண் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். அவர் அந்த இடத்தை விட்டுப் போன பிறகே இடத்தின் பெயர் வெளியாகட்டும்.

உடம்பும் காசும்

அதிகாலை விமானத்தில் தொடங்கி நள்ளிரவு விருந்தில் முடியும் நாட்கள் சாதாரணம். முதுகும் முழங்காலும் முதலில் கெடும். கழிப்பறை எங்கே என்பதும் உங்கள் வரைபடத்தில் இருக்கட்டும்; தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டிச் சிறுநீரகக் கல்லோடு திரும்பியவர்கள் உண்டு. வடாபாவ் மட்டும் தின்று வாழ முடியாது. தலைக்கவசம், விபத்துக் காப்பீடு இரண்டையும் முதல் சம்பளத்திலேயே முடித்துவிடுங்கள்.

வருமானத்தைப் பற்றி ஊரில் பரவியிருக்கும் கற்பனைகளை விட்டுவிடுங்கள். தைமூர் படம் உச்சத்தில் இருந்தபோது ஒரு படத்துக்கு 1500 ரூபாய் என்று டி.வி.யில் வியப்போடு பேசினார்கள். வியக்கும் அளவே அதுதான் என்றால் மற்றப் படங்களின் விலையை ஊகித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். பெட்ரோலும் கைபேசி டேட்டாவும் யார் செலவு என்பதைச் சேரும்போதே பேசுங்கள்.

உரிமை விஷயத்தில் கவனம் வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி. ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படத்தின் உரிமை பொதுவாக நிறுவனத்துக்குப் போகும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் அவருக்குப் போகும். பத்திரிகை ஊழியருக்கு மட்டும் ஒரு விலக்கு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் பத்திரிகைக்கு, மற்றவை உங்களுக்கு. நீங்கள் தனியாளாகச் சொந்தச் செலவில் எடுத்ததை விற்கும்போது, உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். அந்தத் தாளில் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘என்றென்றைக்கும்’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் தாளில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதற்கான விலையைக் கேளுங்கள், விலை படியாவிட்டால் அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.